அலைமின் நிலையமும் சூடாறாப்பெட்டியும்

விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, கடலுக்குள், 1991-இல் ஒரு கான்கிரீட் பெட்டகம் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியது. வடிவமைத்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் அலையாற்றல் குழுவினர்; பணம் தந்தது மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை. நிறுவுதிறன் 150 கிலோவாட். இந்தியாவின் முதல் அலைமின் நிலையம் அது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, மீனவர்கள் வலை உலர்த்தும் கரையிலிருந்து சுவரின் மேல் நடந்து, ஒரு சிறிய பாலத்தைக் கடந்தால் அதை எட்டிவிட முடிந்தது.

பெட்டகத்தின் கீழ்ப்பகுதி நீருக்கடியில் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். அலை நுழையும்போது அறைக்குள் நீர் உயரும். மேலே அடைபட்ட காற்று நெருக்கப்பட்டு உச்சியிலுள்ள குழாய் வழியே சீறி வெளியேறும். அலை பின்வாங்கும்போது அதே வழியாகக் காற்று உள்ளே இழுபடும். குழாய்க்குள் ஒரு சுழலி. காற்று இரு திசையிலும் மாறி மாறி ஓடினாலும் சுழலி ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். அதற்குத் தோதான சமச்சீர் இறக்கைகளை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970-களில் வடிவமைத்திருந்தார். கடல்நீர் படும் இடத்தில் நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். பாசி, சிப்பி, துரு என்று கடல் இயந்திரங்களைத் தின்னும் தொல்லைகளில் பெரும்பகுதியை ஒரே யோசனையில் ஒதுக்கிவிட்டார்கள். (காற்றிலும் உப்பு உண்டு, அது வேறு கதை.) இவ்வளவு அழகான யோசனைகள் நம் பொறியியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் கடல் வரைபடத்துக்குக் கட்டுப்படவில்லை. விழிஞத்தில் அலைமுகப்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆண்டுச் சராசரியாக 13 கிலோவாட் அளவே ஆற்றல் வருகிறது. தென்மேற்குப் பருவமழையில் அது 20-ஐத் தொடும். மற்ற மாதங்களில் இறங்கிவிடும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மேற்குக் கரைகளில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு கிடைக்கிறது. அதோடு, ஒவ்வோர் அலைக்கும் மின்சாரம் இருமுறை உச்சிக்குப் போய் இருமுறை பூஜ்யத்துக்கு இறங்கும். அலை சோம்பிய நேரங்களில் மின்னாக்கி மின் கட்டமைப்பிலிருந்து மின்சாரத்தை இழுத்து மோட்டார்போலச் சுற்றியது. தரவேண்டியது வாங்க ஆரம்பித்துவிட்டது!

பிறகு சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நிலையத்தைப் பொறுப்பேற்றது. சுழலியை மாற்றிப் பார்த்தார்கள். 2004 வாக்கில் புதிய வழி ஒன்றை முயன்றார்கள்: அலைமின்சாரத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பாமல், அதைக்கொண்டே கடல்நீரைக் குடிநீராக்குவது. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் அளவுள்ள சுத்திகரிப்பு அலகு. ஏறி இறங்கும் மின்சாரம் ஊர்க் கம்பியில் ஓடினால் தொல்லை; தொட்டியில் நீராகச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. குடிநீருக்குத் தவிக்கும் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு அலையைவிட அலையிலிருந்து வரும் குடமே முக்கியம். என்றாலும் அதுவும் பரிசோதனையாகவே நின்றது. 2011-இல் நிலையம் கைவிடப்பட்டது.

இந்தத் திட்டத்தைத் தோல்வி என்று எழுதி மூடுவது எளிது. ஐ.ஐ.டி. குழுவின் கணக்கைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அலைமின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி கான்கிரீட் பெட்டகத்துக்குத்தான் போகிறது. சுழலியும் மின்னாக்கியும் அதற்குப் பக்கத்தில் அற்பம். அந்தப் பெட்டகமே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவராகவும் இருந்துவிட்டால், எப்படியும் கட்டவேண்டிய சுவரின் செலவில் மின்சாரம் இலவச இணைப்பாக வந்துவிடும் என்று அவர்கள் வாதாடினார்கள். விழிஞத்தில் அப்படி நடக்கவில்லை. சுவர் தனியாக இருந்தது, பெட்டகம் தனியாக நின்றது.

அப்படிச் செய்த ஓர் ஊர் இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முத்ரிகு என்ற சிறிய மீன்பிடித் துறைமுகம். அங்கே புதிய அலைதடுப்புச் சுவர் கட்டும்போதே அதற்குள் 16 அறைகளை வைத்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் 18.5 கிலோவாட் வெல்ஸ் சுழலி. மொத்தம் 296 கிலோவாட். திறந்து வைத்த ஆண்டு 2011. இங்கே பெட்டகத்தைக் கைவிட்ட அதே ஆண்டில் அங்கே அதே யோசனை சுவருக்குள் குடியேறியது. விழிஞத்திலோ பின்னர் வந்த பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்காக ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையும் கான்கிரீட் கட்டிகளும் குவித்து ஒரு சுவர் எழுந்தது. 2025 மே மாதம் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தச் சுவருக்குள் அலையறை எதுவும் வைக்கப்படவில்லை.

முத்ரிகு மக்கள் மின்சாரத்துக்காகச் சுவர் எழுப்பவில்லை. படகுகள் உடையாமலிருக்க எழுப்பினார்கள். அலைமின் தொழில்நுட்பத்தின் முதல் வெற்றியும் இப்படித்தான் வந்தது. ஜப்பானியக் கடற்படையில் இருந்த யோஷியோ மசுதா, கடலில் மிதந்து கப்பலுக்கு வழிகாட்டும் மிதவைகளின் விளக்கை அலையாலேயே எரியவைக்கும் கருவியை உருவாக்கினார். 1960-களிலிருந்து அவை விற்பனைக்கும் வந்தன. எரியும் விளக்கு சில பத்து வாட்தான். ஆனால் நடுக்கடலில் பாட்டரி மாற்றப் படகு அனுப்பும் செலவு மிச்சம். ஆற்றல் இங்கே சரக்கே இல்லை. ஒரு தொந்தரவு தீர்ந்ததுதான் சரக்கு.

திருவனந்தபுரத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் தோன்றிய, அல்லது தேடிவந்து தங்கிய வீட்டுப் பொருள்களையும் ஆற்றல் யோசனைகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இதே ஒழுங்கு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தூய ஆற்றல் என்று பெயர் எழுதிக்கொண்டு வந்தவை வாசலில் நின்றுவிட்டன. குப்பை, புகை, செங்கல் விலை, மின்வெட்டு என்று வேறு ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்க வந்தவை வீட்டுக்குள் நுழைந்தன. ஆற்றல் சேமிப்பு அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அடுக்களையிலிருந்து தொடங்கலாம். 1962-இல் கோழிக்கோட்டில் பிறந்த கேரள சாஸ்திர சாஹித்ய பரிஷத், மலையாளத்தில் அறிவியல் எழுதுபவர்களின் சங்கமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு மக்கள் இயக்கமானது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு அதன் முகம் பரிச்சயமானதாகவே இருக்கும். 1996-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அதற்குக் கிடைத்தது. 1980-களில் இந்த அமைப்பு கேரள வீடுகளுக்குக் கொண்டுபோனது ‘பரிஷத் அடுப்பு’. விறகு அடுப்புதான், ஆனால் புகைக்குழாய் உண்டு. தீயின் சூடு முதல் பாத்திரத்தைச் சுட்டபின் வீணாகாமல் அடுத்த பாத்திரத்தின் அடிக்குப் போகும். பாத்திரத்தின் அடிக்கும் அடுப்பின் குழிக்கும் நடுவே எத்தனை விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும் என்பதுவரை அளந்தார்கள். அதிகமானால் சூடு தப்பிவிடும், குறைந்தால் தீ மூச்சு முட்டும்.

ஆய்வாளர்கள் அளந்தது விறகுச் சிக்கனம். அடுக்களையில் நின்ற பெண்களுக்கு முதலில் தெரிந்ததோ கண் எரியவில்லை, சுவர் கறுக்கவில்லை என்பது. அந்த அடுப்பு பரவியதற்குப் புகைக்குழாயே காரணம் என்று நான் நினைக்கிறேன். அது ஒதுங்கிப்போனதற்கும் ஒரு வகையில் அதுவே காரணம். குழாயில் கரி அடைந்தால் யாராவது ஏறித் தட்டிவிட வேண்டும். தட்டாவிட்டால் புகை பழையபடி அடுக்களைக்குள் திரும்பும். பிறகு கேஸ் சிலிண்டர் வந்தது. புகை இல்லாமல், தட்டவும் வேண்டாமல் ஒரு நெருப்பு கிடைத்தபோது, விறகை நம்பி வடிவமைத்த பொருள் விறகோடு போனது.

அதே அமைப்பு பரப்பிய இன்னொரு பொருள் போகவில்லை. சூடாறாப்பெட்டி. தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி, அதற்குள் இறங்கி உட்காரும் பாத்திரம், மேலே மூடி. அரிசியைக் கொதிக்கவைத்து, சில நிமிடம் கழித்து அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். தீ இல்லாமல் தானாக வெந்துகொண்டிருக்கும். இதன் எவர்சில்வர் வாரிசான ‘தெர்மல் குக்கர்’ இன்று கேரளத்தின் பாத்திரக் கடைகளில் சர்வ சாதாரணம். கல்யாணப் பரிசாகக்கூடக் கொடுக்கிறார்கள்.

இதன் பின்னாலுள்ள கணக்கு சுவையானது. ஒரு கிலோ அரிசியையும் மூன்று லிட்டர் தண்ணீரையும் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1,000 கிலோஜூல் வெப்பம் போதும். அதற்குப்பின் அடுப்பு எரிய எரிய வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. தண்ணீர் ஆவியாவதற்கே எல்லாம் செலவாகும். அரை லிட்டர் நீர் ஆவியாக 1,100 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது, மொத்தத்தையும் கொதிக்கவைக்க ஆனதைவிட அதிகமான வெப்பத்தை, ஜன்னல் வழியே போகும் நீராவிக்குக் கொடுக்கிறோம். அரிசி மாவுச்சத்து வேக 70, 75 டிகிரி போதும். அதற்கு வேண்டியது நேரமே தவிரத் தொடர்ந்து தீ இல்லை. கேரளத்தின் தடித்த சிவப்புப் புழுங்கலரிசி வேக முக்கால் மணி, ஒரு மணி ஆகும். அதனால்தான் இந்தப் பெட்டி அங்கே நிலைத்தது. பச்சரிசியைப் பிரஷர் குக்கரில் மூன்று விசிலில் இறக்கும் வீட்டில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை. ஒரே பொருள் அரிசி மாறினால் தேவையற்றதாகிவிடுகிறது.

இதற்கு விறகா, கேஸா, இண்டக்‌ஷன் அடுப்பா என்ற கவலையும் கிடையாது. எந்த நெருப்பு வந்தாலும் அதன் அடுத்த கட்டத்தை ஏற்றுக்கொள்ளும். சமைப்பவர் அடுப்படியில் காத்து நிற்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர் காலையில் கொதிக்கவைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போகலாம். எரிவாயு மிச்சமாவது மாதக் கடைசியில்தான் தெரியும், நேரம் மிச்சமாவது அன்றே தெரியும்.

இனிக் குப்பை. திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை முழுவதும் ஒரு காலத்தில் விளப்பில்சாலை என்ற பக்கத்துக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் ஊரார் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலையின் கதவு பூட்டப்பட்டது. நகரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. தலைநகரத்துத் தெருக்களில் பிளாஸ்டிக் பைகள் குவிந்த அந்த மாதங்களில், மீன் செதிலையும் பலாச்சக்கையையும் எங்கே போடுவது என்பது ஒவ்வொரு வீட்டின் கேள்வியானது. பைப் கம்போஸ்ட், கிச்சன் பின் எனப்படும் அடுக்கு வாளிகள், தென்னைநார்க் கழிவில் நுண்ணுயிர் கலந்து தூவும் முறை, எல்லாம் அந்த நெருக்கடியில்தான் வீட்டுப் பொருள்களாயின.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நகரத்தில் ஒரு நிறுவனம் தயாராக இருந்தது. ஏ. சஜிதாஸ் தொடங்கிய பயோடெக், வீட்டு முற்றத்தில் வைக்கத்தக்க சிறிய உயிர்வாயுக் கலன்களைச் செய்துகொண்டிருந்தது. 2007-இல் அதற்கு லண்டனில் ஆஷ்டன் விருது கிடைத்தபோதே வீட்டுக் கலன்கள் பன்னிரண்டாயிரம் அளவுக்குப் போயிருந்தன. இந்தியாவில் உயிர்வாயு என்றால் அதுவரை மாடு வேண்டும், தொழுவம் வேண்டும், மண்ணைத் தோண்டிக் கட்டிய தொட்டி வேண்டும். நகரத்து வீட்டில் மூன்றும் இல்லை. பயோடெக்கின் சிறு கலன் கண்ணாடியிழையால் ஆனது, மாட்டுக்குப் பதில் சமையலறைக் கழிவு. சாணம் ஏற்கெனவே மாட்டின் வயிற்றில் பாதி எரிந்து முடிந்த பொருள். மிஞ்சிய சோறும் கஞ்சித்தண்ணீரும் மீன் கழுவிய நீரும் அப்படியில்லை; சத்து முழுதாக இருப்பதால் அதே எடைக்குச் சாணத்தைவிடப் பலமடங்கு வாயு கிடைக்கும். வாயுவைப் பிடிக்கும் மூடி, சுற்றியுள்ள நீர்ப்பள்ளத்தில் மிதந்து ஏறி இறங்கும். அந்த நீர்தான் நாற்றத்தையும் தடுக்கிறது. ஆண்டு முழுவதும் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாத திருவனந்தபுரத்து வெப்பம் உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. இதே கலன் ஊட்டியில் குளிர்காலத்தில் தூங்கிவிடும்.

எவ்வளவு வாயு? ஒரு கிலோ உணவுக்கழிவு சுமார் 100 லிட்டர் தரும். தினம் இரண்டு கிலோ என்றால் மாதம் ஆறு கன மீட்டர். கேஸ் கணக்கில் இரண்டே முக்கால் கிலோ, அதாவது ஒரு சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஐந்தில் ஒன்றுக்காக மட்டும் யாராவது முற்றத்தில் ஒரு தொட்டியை வைத்துத் தினமும் ஊட்டி வளர்ப்பார்களா என்றால், பெரும்பாலோர் மாட்டார்கள். குப்பைக்காரர் வராத ஊரில் வளர்ப்பார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, கலனைச் ‘சமையல் எரிவாயு தயாரிக்கும் கருவி’ என்று மட்டும் சொல்லி விற்றால் ஏமாற்றம் உறுதி.

ஊட்டி வளர்ப்பது என்றேனே, அது சும்மா சொன்னதில்லை. ஒரே நாளில் விருந்து மிச்சத்தை எல்லாம் கொட்டினால் உள்ளே அமிலம் ஏறும். வாயு தரும் நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தாங்காது, கலன் செத்துவிடும். எலுமிச்சைத் தோலும் முட்டையோடும் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரு மாதம் ஊருக்குப் போனால் பட்டினி. ஒரு வகையில் மாட்டை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தது போலத்தான். அதனால் கலனோடு, அழைத்தால் வந்து பார்க்கும் ஆளும் விற்கப்பட வேண்டும். பொருளின் விலைப்பட்டியலில் அந்த ஆளைச் சேர்க்காத மானியத் திட்டங்கள் நாடெங்கும் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

லாரி பேக்கரைச் சொல்லாமல் திருவனந்தபுரத்தின் வீட்டுப் பொருள்களைப் பற்றி எழுத முடியாது. பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, இமயமலைப் பித்தோராகரிலும் வாகமண்ணிலும் வாழ்ந்து, திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக் குடியேறி, 2007-இல் அங்கேயே காலமான கட்டடக் கலைஞர். உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம், தம்பானூரில் சுருள்போல ஏறும் இந்தியன் காபி ஹவுஸ், எண்ணற்ற சிறிய வீடுகள் அவர் கைவண்ணம். பேக்கர் வீடு என்றால் இன்று பசுமைக் கட்டடம் என்று சொல்லத் தோன்றுகிறது. அன்று அவரிடம் வந்தவர்கள் செலவு குறையும் என்றே வந்தார்கள். அவரும் அப்படித்தான் பேசினார்: எங்கே காசு மிச்சப்படுத்தலாம் என்று.

சுவரில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு அவர் பரவலாக்கியது. செங்கல்லில் கால்பங்கு மிச்சம். உள்ளேயுள்ள காற்று வெயிலைத் தடுப்பது கூடுதல் லாபம். ஜன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர், அவர் ஜாலி என்று அழைத்தது. மரம், கம்பி, கண்ணாடி, கீல், கொண்டி எதுவும் வேண்டாம். வெளிச்சம் வரும், காற்று வரும், திருடன் வரமாட்டான். புழுக்கமே பெரும்பிணியான ஓர் ஊரில், பகலும் இரவும் மின்சாரமின்றிக் காற்றோட்டம் தரும் சாதனம் அது. சிறு துளையில் நுழையும்போது காற்று வேகம் பெறுவதும் உண்டு. மழைச்சாரலும் கொசுவும் அதே துளையில் நுழையும் என்று குடியிருப்பவர்கள் சொல்வதும் உண்மைதான். பேக்கர் காலத்துக்குப் பிறகு சில வீடுகளில் ஜாலிக்குள் வலை அடித்தார்கள், சிலர் கண்ணாடி பதித்து ஏ.சி. மாட்டினார்கள்.

பேக்கரின் யோசனைகள் அவரோடு முடியாததற்குக் காரணம் படங்கள் அல்ல, ஆள்கள். முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனன், பொருளியலாளர் கே. என். ராஜ் ஆகியோரின் முன்முயற்சியில் 1985-இல் காஸ்ட்ஃபோர்டு அமைப்பு தொடங்கியது, டி. ஆர். சந்திரதத் அதை வழிநடத்தினார். அது கொத்தனார்களைப் பயிற்றுவித்தது. எலிப்பொறிக் கட்டு காகிதத்தில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மூலையில் இரண்டு சுவர் சேருமிடத்தில் எந்தக் கல்லை எப்படி உடைத்து வைப்பது என்பது கைக்குத்தான் தெரியும். கை இல்லாத ஊரில் அதே வரைபடம் வெறும் படம்.

இப்போது நம் முன் வந்து குவியும் கான்செப்ட் டிசைன்களைப் பார்ப்போம். நடந்தால் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் காலணி, வெயிலில் மின்சாரம் தரும் குடை, மாடியில் சுழலும் சின்னக் காற்றாலை. பளபளக்கும் கணினிப் படங்களில் இவை அழகு. காலணியை எடுத்துக்கொள்ளுங்கள். நடையைக் கெடுக்காமல் ஓர் அடிக்கு ஒரு ஜூல் எடுக்கலாம் என்று தாராளமாகவே வைப்போம். பத்தாயிரம் அடிக்குப் பத்து கிலோஜூல். இன்றைய ஸ்மார்ட்போன் பாட்டரியில் எழுபது கிலோஜூல் அளவுக்கு இருக்கிறது. ஒரு வாரம் வியர்க்க நடந்தால் ஒருமுறை சார்ஜ்; சுவர்ப் பிளக்கில் அதற்குப் பதினைந்து காசுகூட ஆகாது.

மாடிக் காற்றாலை இதைவிட நேர்மையான முயற்சி. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த அவான்ட் கார்ட் இன்னொவேஷன்ஸ் என்ற நிறுவனம் 2016 வாக்கில் ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் வீட்டுக்கு ஒரு காற்றாலை என்று அறிவித்து உலகச் செய்தியானது. நிறுவனர்கள் அருண், அனூப் ஜார்ஜ் சகோதரர்கள். பொறியாளர்களின் திறமை ஒருபுறம் இருக்க, இங்கே காற்றின் கணக்கு குறுக்கே நிற்கிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்று. நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்றில் ஒரு சதுர மீட்டர் சுழல்பரப்பிலிருந்து இருபது வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கலாம், 3 மீட்டரில் ஐந்து வாட். தென்னையும் பலாவும் மாடி வீடுகளும் அடர்ந்த திருவனந்தபுரத்தில் கூரை மட்டத்துக் காற்று பெரும்பாலும் மந்தம். நூறு கிலோமீட்டருக்குள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஊர் மாறினால் கருவியின் விதியும் மாறும். அதே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மாடியில் சூரியத் தகடு வைத்தால் இந்த ஊரில் கூடுதலாகவே கிடைக்கும். நகரும் பாகமும் இல்லை, சத்தமும் இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது திருவனந்தபுரத்தின் பாப்பனம்கோட்டில் நடக்கும் ஒரு சின்ன வேலை. அங்குள்ள தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வீட்டுக்குள் இருக்கும் விளக்கு வெளிச்சத்திலேயே மின்சாரம் தரும் சாயமேற்றிய சூரியக் கலங்களை உருவாக்கிவருகிறார்கள். மைக்கேல் கிரெட்செலும் பிரையன் ஓ’ரீகனும் இந்த வகைக் கலத்தை உலகுக்கு அறிவித்தது 1991-இல். வெயிலில் சிலிக்கானோடு போட்டியிட அதனால் முடியவில்லை. வீட்டுக்குள் நிலைமை வேறு. வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் கூடத்து வெளிச்சம் இருநூறு, முந்நூறு. அந்த மங்கலில் சாயக் கலம் சிலிக்கானை முந்துகிறது.

இருநூறு லக்ஸில் ஒரு விசிட்டிங் கார்டு அளவு கலம் ஒரு மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். ஒரு பல்பு எரிக்கவும் ஆகாது. ஆனால் சுவர்க் கடிகாரம் தின்பது அதிலும் ஒரு பகுதிதான். சாதாரணப் பென்சில் செல் ஒன்றில் இருப்பது ஒரு வாட்-மணிக்குச் சற்றே கூடுதல். ஒரு யூனிட் மின்சாரத்தைச் செல்லாக வாங்கினால் எழுநூறுக்கும் மேல் வேண்டும். விலை பல ஆயிரம். மின்வாரியத்துக்கு நாம் முணுமுணுத்துக்கொண்டே தரும் யூனிட் விலையோடு ஒப்பிட்டால், வீட்டிலேயே விலையுயர்ந்த மின்சாரம் கடிகாரத்திலும் ரிமோட்டிலும்தான் இருக்கிறது. செல் மாற்றும் தொல்லை, கசிந்து கெடும் கருவி, குப்பையில் சேரும் துத்தநாகம் எல்லாம் போகும். மசுதாவின் மிதவை விளக்குப் போலவே இதிலும் வாட் முக்கியமில்லை.

மின்விசிறியும் இந்த வரிசைதான். 75 வாட் தின்ற பழைய விசிறியின் இடத்தில் 30 வாட்டில் ஓடும் பிரஷ்ஷில்லா மோட்டார் விசிறி கேரளத்தில் வேகமாகப் புகுந்ததற்கு நட்சத்திரக் குறியீடு ஓரளவு காரணம். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு அது கட்டாயம். ஆனால் கடைக்காரர் சொல்லி விற்பது வேறு: கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடும், படுத்த இடத்திலிருந்து ரிமோட்டில் நிறுத்தலாம். கோடை மழையில் கிளை முறிந்து இருளும் ஊரில் இதைவிட நல்ல வாதம் வேறு இல்லை.

இனி வரும் தொல்லை யூனிட் சம்பந்தப்பட்டதில்லை, மணி சம்பந்தப்பட்டது. கேரளத்தின் மாடிகளில் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. நண்பகலில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. 2024 மே மாதத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை நெருங்கியதோ இரவில், ஏ.சி.கள் ஓடத் தொடங்கிய பிறகு. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு 2025 முதல் பகலில் குறைந்த கட்டணம், மாலை ஆறு முதல் இரவு பத்துவரை கூடுதல் கட்டணம் என்று வந்துவிட்டது. கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு என்ற பிரசாரமும் நடக்கிறது. 1,800 வாட் அடுப்பைப் பத்து லட்சம் வீடுகள் மாலை ஏழரைக்கு ஒன்றாகப் போட்டால் 1,800 மெகாவாட். இடுக்கி நிலையத்தின் முழுத் திறன் 780.

இங்கே பழைய சூடாறாப்பெட்டிக்குப் புதிய வேலை இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மலிவான மின்சாரத்தில் கொதிக்கவைத்ததை இரவு எட்டுவரை பத்திரமாக வைத்திருக்க அதனால் முடியுமா? சோற்றை 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் வைக்கக் கூடாது. அரிசியில் உள்ள நுண்ணுயிர் பெருகி வயிற்றைக் கெடுக்கும். நான்கு கிலோ சோறும் நீரும் எட்டு மணி நேரத்தில் 100-இலிருந்து 60-க்கு மேல் இறங்காமலிருக்க, பெட்டியிலிருந்து கசியும் வெப்பம் சராசரியாக இருபது வாட்டைத் தாண்டக் கூடாது. அரை சதுர மீட்டர் வெளிப்பரப்புள்ள பெட்டியில் ஐந்து சென்டிமீட்டர் தெர்மோகோல் வைத்தால், காகிதத்தில் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. கஞ்சி வடித்தால் எடை குறைந்து சூடு வேகமாக இறங்கும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் பாத்திரம் பாதிதான் நிறையும். நாள் முழுவதும் நீரில் கிடந்த சிவப்பரிசி குழைந்துவிடும், அதை மலையாளி வாயில் வைக்கமாட்டார். சின்னக் குடும்பத்துக்கான அளவு, வடித்த சோற்றுக்கு ஒரு தட்டு, சூடு 60-ஐ நெருங்கினால் சொல்லும் ஒரு சின்ன வெப்பமானி, அதற்கு வேண்டிய மைக்ரோவாட்டுக்குப் பாப்பனம்கோட்டுக் கலம் ஒன்று. இவ்வளவும் சேர்ந்து ஒரு மிக்சியின் விலைக்குள் அடங்க வேண்டும்.